தனபாக்கியம் எழுதிய சட்டிகள்

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் ஆற்றுப் படுகையில் தனபாக்கியம் கத்தரி போட்டிருந்தாள். விளைச்சலில் கண்ணு படாமல் இருக்கக் கொல்லையில் கழி நட்டு, சட்டியைக் கவிழ்த்து, அதில் கோரைப்பல்லும் முறுக்கு மீசையுமாகப் பூத முகம் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். தனபாக்கியம் பூதம் எழுத மாட்டாள். அழுகிற ஆள், கொட்டாவி விடுகிற கிழவி, மூக்கைச் சுளிக்கிற எருமை என்று மனசில் வந்ததைச் சுண்ணாம்பிலும் காவியிலும் அடுப்புக்கரியிலும் எழுதுவாள்.

"இதை வச்சா கண்ணு எப்படிடி படாம போவும்? ஊரே நின்னுல்ல பாக்குது!" என்று சிரிப்போம்.

"பாத்துட்டுப் போகட்டும்க்கா. சட்டிக்கு வலிக்கப் போவுதா?" என்பாள்.

போன குறுவையில் அடுத்த வயல் தியாகராசனுக்குப் புகையான் பூச்சி விழுந்து பயிர் கருகியது. அதே வாரம் அவர் பசுவும் செத்தது. தனபாக்கியம் எழுதிய ஒரு முகத்தில் நெற்றியில் வெட்டுத் தழும்பு இருந்தது. தியாகராசனுக்கும் நெற்றியில் தழும்பு உண்டு. செய்வினை என்று முடிவு கட்டிவிட்டார்.

நான் தனபாக்கியத்தோடு காய் பறித்துக்கொண்டிருந்தேன். தியாகராசன் கடப்பாரையோடு வந்தார்.

"என் மூஞ்சிய எதுக்குடி கழியில குத்தி வச்ச?"

"அது யாரு மூஞ்சியும் இல்லீங்கண்ணே. அதுவா வந்துச்சு."

"என் மாடு செத்துச்சே, அதுவும் அதுவாத்தான் வந்துச்சா?"

தழும்புச் சட்டி தெறித்தது. அழுகிற ஆள், கிழவி, ஒவ்வொன்றாக நொறுங்கின. கடைசியில் எருமைச் சட்டியை அவள் வலது கையால் மறைத்தாள். கடப்பாரை கையோடு சேர்த்துச் சட்டியை உடைத்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவளை முடியைப் பிடித்து வாய்க்காலுக்கு இழுத்து, முகத்தைச் சேற்றில் அமுக்கினார். நான் "மாரியாத்தா!" என்று அலறி அவர் காலைக் கட்டிக்கொண்டேன். என் வயிற்றில் உதை விழுந்தது. நடவு ஆட்கள் ஓடிவந்துதான் பிரித்தார்கள்.

கையில் மாவுக்கட்டோடு வந்தவளிடம் ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள்: "போலீசுக்கெல்லாம் போவேணாம். இனிமே பூதம் மட்டுந்தான் எழுதுவேன்னு ஆத்தா முன்னால கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிடு."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லிவிட்டால், எங்களுக்கு அதற்கு மேல் பேச்சு இல்லை. மீறுகிறவரையும் ஆத்தா கேட்பாள், மீற வைக்கிறவரையும் கேட்பாள்.

வெள்ளிக்கிழமை சன்னதியில் தட்டில் கற்பூரம் எரிந்தது. தியாகராசன் எதிரே நின்றார். தனபாக்கியம் இடது கையை ஓங்கித் தீயின் மேல் அடித்தாள்.

"தாயே, இந்தக் கையும் ஒடிஞ்சாலும் மனசுல வர்றதைத்தான் எழுதுவேன். சத்தியம்."

தோல் கருகிய வாடை வந்தது. தியாகராசன் பாய்ந்து அவள் செவிட்டில் அறைந்தார். பலிபீடத்தில் மோதி விழுந்தாள். காதோரம் ரத்தம் வழிந்தது. மறுபடி ஓங்கியபோது பூசாரி குறுக்கே வந்தார்.

"வேணாங்க. கற்பூரம் அணைஞ்சிருச்சு. இனிமே அடிச்சா ஆத்தாகிட்டத்தான் நீங்க பதில் சொல்லணும்."

ஓங்கிய கை கீழே இறங்கியது.

தையில் அவள் கொல்லையில் புதுச் சட்டிகள் நின்றன. இடது கையால் எழுதியவை. கோடெல்லாம் நடுங்கியது. ஒரு நெற்றியில் அதே தழும்பு.

"இது வேணுமாடி?"

"அதுவா வந்துச்சுக்கா. கரி தீந்துபோச்சு, உங்க வீட்டுல இருக்கா?"

தியாகராசன் தூரத்து வரப்பு வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குப் போய், வெந்நீர் அடுப்பிலிருந்து கரி அள்ளி வந்து அவளிடம் கொடுத்தேன்.