மாடி வீட்டுக்குப் போன ஒயின்

போன கிறிஸ்துமஸ் அன்று, கையில் ஒயின் பாட்டிலோடு மாடி வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்று நின்றேன்.

கொஞ்சம் முன்னால் போகலாம். ராயபுரத்தில் எங்கள் மாடியில் குடியிருப்பவள் ஜெசிந்தா. வருஷா வருஷம் பண்டிகைக்கு வீட்டிலேயே ஒயின் போடுவாள். எனக்கும் ஒரு பாட்டில் வரும். போன முறை ஜாடியைப் பரணிலிருந்து இறக்கவே இல்லை. ஹார்பரில் வேலை பார்க்கும் அவள் கணவர் சேவியர் குடியை விட்டிருந்தார். "வாசன கூட அவரு மூக்குல படக்கூடாதுக்கா" என்றாள்.

ஆனால் அவள் கை சும்மா இருக்குமா? "உன் வூட்ல நீ போடுக்கா. நான் சொல்லிக்கினே வரேன்."

போட்டேன். பன்னீர் திராட்சையைக் கழுவிய ஈரத்தோடு ஜாடியில் கொட்டப் போனேன். "இன்னாக்கா நீ... பூஞ்ச புடிச்சிக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஃபேனுக்கடியில் உலர்த்தி, மசித்து, சர்க்கரை, ஈஸ்ட், பட்டை, கிராம்பு எல்லாம் சேர்த்தாயிற்று. ஊறுகாய் போட்ட பழக்கத்தில் மூடியை இறுக்கித் திருகினேன். "அது மூச்சு வுட வோணாமா? வெடிச்சிடும்." மூடியை எடுத்துவிட்டுத் துணி கட்டினோம். தினமும் மரக் கரண்டியால் கிளறினேன். நுரைக்கிற சத்தம் கேட்கிறதா என்று ஜாடியில் காது வைத்துப் பார்ப்பேன். பெருமைதான், வேறென்ன?

பண்டிகை அன்று காலை, கேக்கும் கல்கல் பலகாரமும் வைத்த தட்டோடு ஜெசிந்தா வந்தாள். தட்டை வெறுமனே திருப்பித் தரலாமா? மத்தியானம், வடிகட்டிய முதல் பாட்டிலை அதில் வைத்து, துணி மூடி, மாடியேறினேன். எதை, யார் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்பது கதவைத் தட்டிய பிறகுதான் உறைத்தது.

திறந்தவர் சேவியர். "ஜெசிந்தா அவங்க அம்மா வூட்டுக்குப் போய்கீது" என்றபடி துணியை விலக்கினார். பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்...

"கலரு நல்லா வந்துகீதுக்கா" என்று பாட்டிலை என்னிடமே நீட்டினார். தட்டை மட்டும் வாங்கிக்கொண்டார். "இத்த எடுத்துக்கினு போய்டுங்க. ஜெசிந்தா வந்தா, உங்க வூட்லயே ஒரு கிளாஸ் ஊத்திக் குடுங்க. எனக்காவ அதுவும் வுட்டுட்டு கீது."

சாயங்காலம் அவளிடம் அப்படியே சொன்னேன். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்கும்தான். மெதுவாகக் குடித்து முடித்து, "புளிப்பு தூக்கலா கீதுக்கா" என்று மார்க் போட்டாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "ரெண்டு ஏலக்கா குடேன்" என்றாள்.

இத்தனை வருஷம் ஏலக்காய் மென்றுகொண்டு அந்த மாடிப்படி ஏறியவர் சேவியர். அன்றைக்கு ஜெசிந்தா ஏறினாள்.