அண்ணியோடு ஊசி போடப் போனது

அறையில் நான் இருந்தேன். என் வீட்டுக்காரரின் அக்கா இருந்தாங்க. அண்ணின்னு கூப்பிடுவேன். பிசியோ டாக்டர் இருந்தாங்க. கன்னடக்காரப் பொண்ணு, தமிழ் நல்லா வரும். வீட்டுக்காரர் இல்லை. ஊசின்னு கேட்டதும் வெளியே ஆட்டோவிலேயே உட்கார்ந்துட்டார்.

பெங்களூர் ஈஜிபுராவில் ஒரு பிஜி ஹாஸ்டலில் சமைக்கிறேன். ஒரு மாசமா வலது கை தோளுக்கு மேலே போகலை. மேல்தட்டில் இருக்கிற குண்டானை எடுக்க முடியலை. திங்கட்கிழமைக்குள் சரியாகலைன்னா வேற ஆள் பார்க்கிறேன்னு ஓனரம்மா சொல்லிட்டாங்க. அன்னைக்கு சனி.

அண்ணி துணைக்கு வரலை. வேடிக்கை பார்க்க வந்தாங்க. வழியிலேயே ஆரம்பிச்சாங்க.

"எங்க வீட்டுல வலின்னு யாரும் வாய் தொறந்ததில்ல. எங்கப்பா தங்கவயல் சுரங்கத்துல கால் உடைஞ்சு மேல வந்தப்பவும் பீடிதான் கேட்டாரு. உன்னைப் பார்ப்போம்."

"பாருங்க."

குப்புறப் படுத்தேன். அண்ணி ஸ்டூலை இழுத்து என் முகத்துக்கு நேரே போட்டுக்கிட்டாங்க.

அந்த ஊசியில் மருந்து கிடையாது. தலைமுடி மாதிரி மெலிசு. சதையில் முடிச்சு விழுந்த இடம் பார்த்துக் குத்தணும். டாக்டர் குத்தினாங்க. சதை தானா ஒரு துள்ளு துள்ளிச்சு.

"வலிச்சுதா ஆன்ட்டி?"

"இல்ல."

"உங்க பழைய வலி மாதிரியே இருந்தா சொல்லணும். அதுதான் எனக்கு இடம். சொல்லலைன்னா தேடிட்டே இருப்பேன்."

"தேடும்மா, அவ தாங்குவா" என்றாங்க அண்ணி.

ஆறு ஊசி ஆச்சு. ஆறுக்கும் இல்லன்னேன். கையைத் தூக்கச் சொன்னாங்க. காதுவரைக்கும் வரலை. குண்டான் ஞாபகம் வந்தது. அண்ணி வந்து இறக்கித் தரப்போறதில்லை.

ஏழாவது ஊசி. வலி முழங்கை வரைக்கும் ஓடிச்சு.

"அங்கதான். அய்யோ, அங்கதான்."

அண்ணி தொடையில் தட்டிக்கிட்டாங்க. "சொல்லிட்டா. அய்யோ சொல்லிட்டா."

டாக்டர் அதே இடத்தில் கொஞ்ச நேரம் வேலை பார்த்து ஊசியை எடுத்தாங்க. கை தலைக்கு மேலே போச்சு. முழுசா இல்லை. மேல்தட்டுக்குப் போதும்.

அண்ணி விடலை. "வீடு வீடா போய்ச் சொல்லுவேன்டி."

நான் முந்தானையைச் சரிபண்ணிக்கிட்டே டாக்டரிடம் சொன்னேன். "அண்ணிக்கும் கழுத்து ரொம்ப நாளா திரும்பலை."

பொய் இல்லை. பஸ் வருதான்னு பார்க்கவே முழு உடம்போட திரும்புவாங்க.

"அடுத்த பேஷன்ட் வரலை. பார்த்துடலாமா ஆன்ட்டி?"

அண்ணி கதவைப் பார்த்தாங்க.

"சுரங்கக்காரர் பொண்ணு. தாங்குவாங்க" என்றேன்.

படுத்தாங்க. இப்போ ஸ்டூலில் நான்.

"இங்கயா ஆன்ட்டி?"

அண்ணி பல்லைக் கடிச்சுக்கிட்டு இல்லன்னாங்க.

"இங்க?"

இல்லை. பாவம் டாக்டர், தேடிக்கிட்டே போனாங்க. அண்ணி கண்ணோரம் தண்ணி வந்தது.

"என்ன அண்ணி?"

"ஃபேன் காத்து."

கடைசியில் டாக்டரே இன்னைக்குப் போதும்னு நிறுத்திட்டாங்க. அண்ணிக்குக் கழுத்து திரும்பிச்சா தெரியலை. என் பக்கம் திரும்பலை.

கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்த அண்ணியைப் பார்த்து ஆட்டோவில் வீட்டுக்காரர் கேட்டார். "அக்கா, உனக்குமா? எத்தனை ஊசி?"

அண்ணி ரோட்டைப் பார்த்தாங்க. நான்தான் சொன்னேன்.

பதினாலு.