பாதியில் நின்று எழும்பும் எஞ்சின்

நான் கையில் நூல் கட்டுகிறவளும் அல்ல, தண்ணீர் ஓதிக் குடிக்கிறவளும் அல்ல. எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஜின் பார்த்துவிட்டது என்று ஓடுகிற பெண்களை, "முதல்ல ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கடி" என்று ஏசி அனுப்புகிறவள். அதனால் நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் கிழவிக்கு மூளை கலங்கிப்போச்சு என்று சொல்லிக்கொள்ளுங்கள். பட்டப்பகலில், கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறேன்.

என் கணவர் மௌத்தான பிறகு படகை விற்கச் சொல்லி எத்தனையோ பேர் வந்தார்கள், நான் விற்கவில்லை. எங்கள் கரையில் மற்ற எஞ்சின்களையெல்லாம் கரைக்கு வரும்போது கையால்தான் தூக்க வேண்டும். எங்களுடையது பழசென்றாலும் பெரிய எஞ்சின், பொத்தானை அமத்தினால் ட்ரிம் மோட்டர் என்ற சின்ன மோட்டர் சுற்றும், எஞ்சின் தானாகத் தண்ணீரை விட்டு மேலே எழும்பும். அவர் தேடி வாங்கிய எஞ்சின் அது, எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

படகை ஓட்டியவன் நிசார். என் மகன் வயது. அவன் பொத்தானை ஒரேயடியாக அமத்த மாட்டான், பாதிக்குத் தூக்கி நிறுத்தி ஒரு பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டுத்தான் மீதியைத் தூக்குவான். கரையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாலே வருவது நம்முடைய படகு என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அவன் மூன்று தரம் என்னிடம் வந்து சொன்னான்.

"மாமி, ட்ரிம் மோட்டர் சரியில்ல. ஒரு நேரம் தூக்குது, ஒரு நேரம் சும்மா முனகுது. மாத்திப் போடுவம்."

"உங்கட மாமா வாங்கின சாமான்ல பழுதா? உன்ட கைதான் சரியில்ல" என்றேன்.

காசில்லாமல் சொன்னதல்ல. அவர் வாங்கியதைக் குறை சொல்வதா என்ற திமிர்.

பிறகு ஒரு வாடைக்காற்று நாளில் அவன் கரைக்கு வரும்போது, மண்திட்டுக்குக் கிட்ட எஞ்சின் எழும்பவில்லை. புரொப்பெல்லர் மண்ணில் குத்திப் படகு குறுக்கே திரும்பிவிட்டது, அடுத்த அலை கவிழ்த்துப் போட்டது. முன்பக்கம் இருந்த கூட்டாளி நீந்தி வந்தான். நிசார் படகுக்கு அடியில்.

படகைக் கரைக்கு இழுத்துப் போட்டதும் அங்கே நின்றவர்கள் என்னைத்தான் கேட்டார்கள், எஞ்சினில் பழுதேதும் இருந்ததா என்று. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், "என்ட எஞ்சின்ல ஒரு பிழையும் இல்ல. அவன்ட அவசரம்."

அது ஊருக்குப் போதும். ஜனாஸாவுக்கு வந்தவர்களும் அதைத்தான் கதைத்தார்கள். செத்தவன் வந்து மறுத்துப் பேசவா போகிறான்?

ஆனால் அந்த மோட்டரோடு இன்னொருவனைக் கடலுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஆட்கள் பார்த்தால் கிழவி பொய் சொன்னாள் என்று பிடிபட்டுவிடும். அதனால் பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவிலிருந்து குணம் என்ற மெக்கானிக்கை வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துக்கு வரச் சொன்னேன். அந்த நேரம் எங்கள் ஆம்பிளைகள் அத்தனை பேரும் பள்ளிவாசலில், கரையில் காகம்தான் இருக்கும். எப்படி யோசித்திருக்கிறேன் பாருங்கள்.

குணம் பெட்டரியைக் கழற்றி மண்ணில் வைத்தான். எஞ்சினைக் கையால் தூக்கி முட்டுக்கொடுத்து, பழைய மோட்டரைக் கழற்றிப் புதியதைப் பூட்டினான். புரொப்பெல்லர் முட்டாமலிருக்க மண்ணைத் தோண்டிவிட்டு எஞ்சினைக் கீழே இறக்கினான். வயர் இன்னும் கொழுவவில்லை. பழைய மோட்டரை உடைத்து எனக்குக் காட்டினான், உள்ளே துருவும் உப்பும் களிமாதிரி.

"இதோட எப்படி உம்மா ஓடினவன் அந்த மனிசன்? ஒருத்தரும் சொல்லல்லியா?"

பள்ளிவாசல் ஸ்பீக்கரில் குத்பா பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம். எஞ்சின் மெதுவாக எழும்பியது. பாதியில் நின்றது. ஒரு பிஸ்மில்லாஹ் சொல்கிற நேரம். பிறகு மீதியும் எழும்பி மேலே போய் நின்றது.

"உம்மா, பொத்தான்ல கை வச்சீங்களா?"

"நான் எங்க, மண்ணிலதானே இரிக்கன்."

அவன் பெட்டரியைப் பார்த்தான். நான்கு முழத்துக்கு அப்பால் கிடந்தது. தொங்குகிற வயரைப் பார்த்தான். நெற்றியில் பூசியிருந்த திருநீறு வியர்வையில் கரைந்து வழிந்தது. மளமளவென்று மிச்ச வேலையை முடித்து, "இத ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க உம்மா, பிறகு என்னை ஆரும் வேலைக்குக் கூப்பிடமாட்டாங்க" என்று சொல்லி மோட்டார்சைக்கிளில் பறந்துவிட்டான்.

நான் நேரே நிசாரின் மனைவி பரீதாவிடம் போனேன். புருஷன் மௌத்தானவள் வெளியே வராமல் இருக்கிற இத்தாவில் அவள் அறைக்குள் இருந்தாள். கதவை ஒருக்களித்துவிட்டு, அவன் மூன்று தரம் சொன்னதையும் நான் பொய் சொன்னதையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"தெரியும் மாமி. ஒவ்வொரு தரமும் உங்களிட்டச் சொல்லிப்போட்டு வந்து எனக்கும் சொன்னவர். நீங்க எப்ப வருவீங்க எண்டுதான் பாத்துக்கிட்டு இரிந்தன். எனக்குச் சொல்லி என்ன, கடக்கரையில சொன்னதக் கடக்கரையிலயே போய்ச் சொல்லுங்க."

மறுநாள் படகுகள் வந்துசேர்ந்த நேரம் போய்ச் சொன்னேன். எல்லோருக்கும் முன்னால், முக்காட்டை இழுத்து முகத்தை மூடாமல் சொன்னேன். ஒரு கிழவர் மட்டும், "இதச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதோடு எல்லாம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். தீரவில்லை. இன்றைக்கும் அந்த எஞ்சின் பாதியில் நிற்கிறது. இப்போது ஓட்டுகிறவன் பொத்தானிலிருந்து விரலையே எடுப்பதில்லை, இருந்தும் பாதியில் நின்று, ஒரு பிஸ்மில்லாஹ் நேரம் கழித்துத்தான் எழும்புகிறது. குணம் பொத்தானை மாற்றினான், வயரை மாற்றினான், ஒயிலை மாற்றினான். பிறகு வருவதையே விட்டுவிட்டான்.

இன்னும் சொல்லாமல் விட்டது என்ன என்று அது கேட்கிற மாதிரி இருக்கும் எனக்கு. ஒன்று இருக்கிறது. பரீதாவுக்கும் தெரியாதது. அந்தக் கடைசி நாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நிசார் என் வாசலுக்கு வந்தான். "காத்துக் கடுமை மாமி, மோட்டரும் இந்த மாதிரி, இண்டைக்கு இறக்காம விடுவம்" என்றான். நான் கேற்றைத் திறக்கவும் இல்லை. உள்ளே நின்றே சொன்னேன், "பயமெண்டா பொண்டாட்டிர சீலையை உடுத்திக்கிட்டு வீட்ட இரி." அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் கடலுக்குப் போனான்.

இப்போது அதையும் சொல்லிவிட்டேன். நாளை விடியப் படகு வரும், நான் கரைக்குப் போய் நிற்பேன். அது பாதியில் நின்றாலும் எனக்குப் பயம். நிற்காமல் ஒரே மூச்சில் எழும்பிவிட்டால் அதைவிடப் பயம்.