பிரேக் இல்லாத நாற்காலி

சங்ககிரி லாரி டிரைவர் அவர். என் உளவியல் ஆய்வுக்கு வந்தவர், உட்காருமுன் கம்ப்யூட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திரையில் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஒரு முகம், சில முறை பயந்தது, சில முறை சாதாரணமானது, மின்னி மறையும். அடுத்து வரும் மங்கலான கோடு எந்தப் பக்கம் சாய்கிறதென்று பொத்தானை அழுத்த வேண்டும். பயந்த முகம் பார்வையைக் கூர்மையாக்கும் என்பது என் வாதம். அவரோ எந்த முகம் வந்தாலும் சரியும் தப்பும் ஒரே அளவில்தான் அழுத்தினார். ஆனால் பயந்த முகம் வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை மிதித்தது.

“ஏதாச்சும் முகம் தெரிஞ்சுதுங்களா?”

“மொகமா? கோடே சரியாத் தெரியலீங்க சாமி.”

“அப்புறம் ஏனுங்க பிரேக் போட்டீங்க?”

“நானா? நாற்காலிக்கு ஏதுங்க பிரேக்கு!” என்று சிரித்தார்.

பொத்தானில் பதிவானதுதான் கணக்கு என்று என் பிஎச்.டி. கைடு சொல்லிவிட்டார். என் பட்டம் இன்னும் தள்ளிப்போகிறது. அந்தக் கால் எதையோ பார்த்தது. அதை நான் எங்கே எழுதுவது?