ஒருசந்திப் பிள்ளை

சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுகிற சாம்பலுக்கு ஒரு வாசம் உண்டு. போன வருடத்துக் குருத்தோலையை எரித்த கரி, வெயில் ஏற ஏற வியர்வையில் குழைந்து மூக்கோரமாக இறங்கும்போது, அணைந்த அடுப்புக்குள் முகத்தை வைத்ததுபோல இருக்கும். முல்லைத்தீவுக் கரையில் எங்கள் கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகையில் அந்த வாசத்தோடு ஒவ்வொரு வீட்டுக் குசினியிலிருந்தும் மீன் பொரிகிற வாசமும் சேர்ந்து வரும்; ஏனென்றால் தவக்காலத்துச் "சுத்தபோசனம்" இறைச்சியைத்தான் விலக்கும், மீனுக்குத் தடையில்லை, மீன்பிடிக்கிற சனத்துக்கு இதைவிட வசதியான விரதம் வேறெங்கும் கிடைக்காது. எனக்குப் பதினாலு வயதான வருடம், அந்த இரண்டு வாசங்களுக்கும் நடுவே நடந்து வந்தபோதுதான் சாப்பாட்டை விடுவதென்று முடிவெடுத்தேன். அதைப்பற்றி எழுதுவதென்றால் குரலைத் தாழ்த்தி, எல்லோரையும் மன்னித்து எழுது என்று எனக்கு வேண்டியவர்கள் சிலர் சொன்னார்கள். எனக்கு அது வராது.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து திரும்பி, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டறை வீட்டுக்கு யன்னல்கூடப் போடாமல் குடியேறி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அதற்கு முந்தின வருடம் நான் "பெரியபிள்ளை" ஆனேன். பங்கருக்குள் உப்பில்லாத கஞ்சிக்கு அழுத பிள்ளைக்குக் கொடுக்க இப்போதுதான் கையில் ஏதோ இருக்கிறது என்ற வெறியோடு, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியுமாக அம்மா எனக்குத் தீத்தினார். நான் பருத்தேன், பருக்க வேண்டிய வயது, பருக்க வேண்டிய உடம்பு, அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஒரு திருமுழுக்கு விருந்தில், முற்றத்துப் பந்தலில் அத்தனை பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், சித்தப்பா என் சோற்றுக் கோப்பையைப் பார்த்து, "இவளை ஏத்திக்கொண்டு தொழிலுக்குப் போனா வள்ளம் பாரத்திலை கடலுக்கை தாண்டுபோம்!" என்று சத்தமாகச் சொன்னார். பந்தல் முழுக்கச் சிரித்தது, அம்மா சிரித்தார், நானும் சிரித்தேன். சித்தப்பா நல்ல மனிதர்தான், இன்றைக்குக் கேட்டால் அப்படிச் சொன்னதே அவருக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு அந்தச் சோற்றின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது.

எங்கள் மறைக்கல்வி வகுப்பை நடத்தியவர் திரேசா ரீச்சர். தவக்காலம் தொடங்கும்போது அவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊதா மட்டையில் ஓர் அட்டை தருவார். அதில் நாற்பது கட்டங்கள். ஒவ்வொரு நாளும் இயேசுவுக்காக எதை விட்டோமோ அதை ஒரு கட்டத்தில் எழுத வேண்டும், உயிர்த்த ஞாயிறன்று நல்ல அட்டைக்குப் பரிசு. மற்றப் பிள்ளைகள் "ரீவி", "ஐஸ்கிரீம்", "தம்பியோடு சண்டை" என்று எழுதினார்கள். எழுதிவிட்டு அன்று பின்னேரமே தம்பியோடு சண்டை பிடித்தார்கள், அவர்கள் சுகமான பிள்ளைகள். நான் முதல் கட்டத்தில் "காலைச் சாப்பாடு" என்று எழுதினேன். இரண்டாம் கிழமை அதோடு இரவுச் சாப்பாட்டையும் சேர்த்தேன்.

ஒரு நாளைக்கு ஒரே நேரம் சாப்பிடுவதற்கு எங்கள் ஆட்களிடம் "ஒருசந்தி" என்று பெயர். பெரியவர்கள் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் பிடிப்பார்கள், மிச்ச நாட்களில் பிடிப்பதாகச் சொல்லிக்கொள்வார்கள். ஒரு பதினாலு வயதுப் பெட்டை தொடர்ந்து பிடிக்கிறாள் என்றதும் ஊர் என்னைத் தூக்கித் தலையில் வைத்தது. திரேசா ரீச்சர் என் அட்டையை வகுப்பில் உயர்த்திக் காட்டி, "இவாவைப் பாருங்கோ, இதெல்லோ தவம்!" என்றார். கோயில் வாசலில் பெண்கள் என் கன்னத்தைத் தடவி, "ஒருசந்திப் பிள்ளை" என்று பெயர் வைத்தார்கள். "என்ரை பிள்ளை கன்னியாஸ்திரியாப் போகப்போறாள்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். கன்னமெலும்பு வெளியே தெரியத் தெரிய, முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது என்றும் சொன்னார்கள்.

பதினெட்டு வயதாகாத பிள்ளைக்கு ஒருசந்திக் கடமையே இல்லை. அது திருச்சபையின் சட்டம், நாங்கள் பாடமாக்கிய மறைக்கல்விப் புத்தகத்திலேயே இருந்தது. அந்த வகுப்பைப் படிப்பித்தவருக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், கன்னம் தடவிய அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவராவது, "பிள்ளை, இது உனக்கில்லை, போய்ச் சாப்பிடு" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனா என்று கேட்டால், தெரியாது. சொல்லிப் பார்த்திருக்கலாமே என்பதுதான் என் கேள்வி.

உயிர்த்த ஞாயிறு வந்தது. பாட்டுப் பூசை முடிய எனக்கு முதற்பரிசு தந்தார்கள், கண்ணாடி மணி கோத்த செபமாலை ஒன்று, எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. நாற்பது நாளும் அடங்கிக் கிடந்த ஊர் அன்றைக்குச் சட்டி வழிக்கச் சாப்பிட்டது. எனக்கு முன்னாலும் ஒரு கோப்பை இருந்தது, நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தேன், கை கோப்பைக்குப் போகவில்லை. விரும்பினால் விடலாம், விரும்பினால் தொடங்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று என்னைப் பிடித்து விழுங்கிவிட்டது என்பது அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. மனதுக்குள் ஒன்று, தின்னாதே, தின்றால் நீ பழைய ஆள், பந்தல் சிரிக்கும் என்று விடாமல் சொன்னது. அது கடவுளின் குரலில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நின்றது. தலைமயிர் சீப்போடு வந்தது, கையில் பூனைமயிர் முளைத்தது. முல்லைத்தீவு வெயிலில், நாய்கூட நிழல் தேடுகிற மத்தியானத்தில், நான் குளிர் தாங்காமல் அப்பாவின் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தேன். பெருமை எல்லாம் போய் அம்மாவுக்குக் கோபம் வந்தது. "சாப்பாடு இல்லாமச் செத்த சனத்துக்கு நடுவிலை உன்னை உயிரோடை கொண்டுவந்தனான், இப்ப சோத்தை முன்னாலை வைச்சுக்கொண்டு சாகப்போறியோ?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பசியில் செத்த பிள்ளைகளை நானும் பார்த்தவள்தான்.

கண்ணூறு நாவூறு கழித்தார்கள். வீட்டுக்கு ஆள் கூப்பிட்டுச் செபித்தார்கள். பூச்சி மருந்துக் "குளிசை" தந்தார்கள், பசி எடுக்கவென்று சிவப்புப் பாணி மருந்து ஒன்று தந்தார்கள். கிட்டத்தில் இருந்த ஒரு டொக்டர் என்னை நிமிர்ந்தும் பார்க்காமல், "பொம்பிளைப் பிள்ளையளின்ரை பிடிவாதம், ரெண்டு அடி போடுங்கோ" என்றார். அம்மா அதையும் செய்து பார்த்தார். உயிர்த்த ஞாயிற்றிலிருந்து மாரிமழை தொடங்கும்வரை இப்படியே போனது. பள்ளிக்கூடத்து வரிசையில் நான் மயங்கி விழுந்து, நாடித்துடிப்பு அடங்கிக் கிடந்ததைப் பார்த்துப் பயந்த அதிபர் வாகனம் பிடித்து அனுப்பியிராவிட்டால் இந்தக் கட்டுரையை எழுத ஆள் இல்லை.

தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஓர் இளம் பெண் டொக்டர். முதல் நாள் அம்மா விடிய எழும்பிச் சமைத்து, பரந்தன் வழியாக மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் வந்து, நண்டுக் கறியும் புட்டும் கூடை நிறையக் கொண்டுவந்திருந்தார். டொக்டர் அந்தக் கூடையை மெல்ல வாங்கி ஒரு பக்கம் வைத்தார். "அம்மா, இவ்வளவு நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக் குடுத்தா இதயம் நிண்டுபோம். கொஞ்சம் கொஞ்சமா, இரத்தம் சோதிச்சுச் சோதிச்சுத்தான் கூட்டோணும். இது பிடிவாதமில்லை, வருத்தம், ஒரு நோய். இப்பைக்குச் சாப்பாடுதான் இவவுக்கு மருந்து, வீட்டை போனாப்பிறகு அதை நீங்கள்தான் குடுக்கோணும்." அம்மா வாட்டு வாசலில் குந்தியிருந்து அழுதார். "கண்ணுக்கு முன்னாலை செத்துக்கொண்டிருந்தாள், நான் பெருமைப்பட்டுக்கொண்டு திரிஞ்சன்" என்று தாதி மிஸ்ஸி ஒருவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்டும் எனக்கு இரக்கம் வரவில்லை. அந்த நேரம் அந்த வருத்தத்தைத் தவிர வேறொருவரும் எனக்குச் சொந்தமில்லை.

வீட்டு வைத்தியம் என்றால் இதுதான்: மூன்று நேரச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், ஏசக்கூடாது, புகழக்கூடாது, உடம்பைப்பற்றி ஒரு கதையும் கதைக்கக்கூடாது, முடியும்வரை எழும்பவும் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. நான் கோப்பையைத் தூக்கி எறிந்தேன். பெற்றவளைப் பார்த்துப் பேசக்கூடாததெல்லாம் பேசினேன். அம்மா சிந்திய சோற்றைக் கூட்டி அள்ளிவிட்டு, அதே அளவை மறுபடி போட்டுக்கொண்டு வந்து, அதே கதிரையில் இருந்தார். மத்தியானச் சாப்பாடு அப்பாவின் முறை. கடலால் வந்து படுக்க வேண்டிய மனிதன், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு எனக்கு எதிரே நிலத்தில் இருப்பார். "நான் இதிலைதான் இருக்கிறன் மகள், நீ முடிச்சாப்பிறகு எழும்புவன்." வேறொன்றும் சொல்ல மாட்டார். ஒன்றரை வருடம் அப்படி இருந்தார்கள். என்னைக் காப்பாற்றியது அதுதான், அதை எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன்.

ஆனால் வெளியில் சொன்ன பெயர் "வயித்துப் புண்". மனநலக் கிளினிக்குக்குப் போகிற பிள்ளை என்று தெரிந்தால் "விசர்" என்பார்கள், கலியாணம் குழம்பும் என்று அம்மாவுக்குப் பயம். நான் பட்டினி கிடந்தபோது கோயில் வாசல்வரை தெரிந்திருந்தது, சாப்பிடத் தொடங்கியது மட்டும் வெட்கக்கேடாகிப் போனது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கையில் வருத்தம் திரும்பி வந்தது. அந்த டொக்டர் அப்போது மாற்றலாகிப் போயிருந்தார். வேறொரு ஆஸ்பத்திரியில் வேறொரு டொக்டர் என் மருத்துவக் கோவையைப் புரட்டிப் பார்த்து, "வன்னிப் பிள்ளைக்கு இந்த வருத்தமோ? இது வசதியான வீட்டுப் பிள்ளையளுக்கு வாறதல்லோ" என்று சிரித்தார். ஒரு வருடம் போனது. போகப் போக எழும்பினேன்.

போன வருடம் வேலை செய்கிற கந்தோர்ப் படியில் வழுக்கி, கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்தது. எலும்பைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அறுபது வயதுக்காரருக்கு இருக்கிற எலும்பு இது என்றார்கள். எனக்கு முப்பது இன்னும் ஆகவில்லை. எலும்பு ஊற வேண்டிய வயதில் ஊறாவிட்டால் பிறகு கடையில் வாங்க முடியாதாம். கலியாணமாகி மூன்று வருடம், மாதவிடாய் நினைத்த நேரம் வருகிறது, நினைத்த நேரம் நிற்கிறது; "விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று என்னைக் கேட்கிற வாய்கள், ஒருசந்திப் பிள்ளை என்று கொஞ்சிய அதே வாய்கள். முழுக்கச் சுகமாகி, இப்படியொன்று இருந்ததையே மறந்து வாழ்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு என்றும், நேரத்தோடு கொண்டுவந்த பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு அதிகம் என்றும் எலும்பைச் சோதித்த டொக்டர் சொன்னார். நேரத்தோடு என்ற அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து என் வயிறு எரிகிறது. உயிர்த்த ஞாயிற்றிலிருந்து மாரிமழைவரை என்பது எத்தனை நாள்!

இந்த மண்ணில் இல்லாமல் போனவற்றைச் சொல்லத் தொடங்கினால் என்னுடையது மிகச் சின்னது. எனக்குப் பசி இல்லாமல் போய்விட்டது. மற்றவர்களுக்கு வயிறு கூப்பிடுவதுபோல என்னை ஒன்றும் கூப்பிடுவதில்லை. போனில் மணி வைத்து, அடித்ததும் சாப்பிடுகிறேன், குளிசை போடுகிறவர்களைப்போல. ஒரு நேரத்தைத் தவறவிட்டால் அந்தப் பழைய குரல் கதவைத் தட்டும் என்பதால் தவறவிடுவதில்லை.

போன கிழமை பஸ் நிலையத்தில் திரேசா ரீச்சரைக் கண்டேன். ஓய்வு பெற்று, மெலிந்து போயிருந்தார். என் கையைப் பிடித்து, "இப்பத்தைப் பிள்ளையளிட்டை என்ன பக்தி இருக்கு? உன்னைப்போலை ஒரு பிள்ளையை நான் பிறகு காணேல்லை" என்றார்.

"நான் பக்தியா இருக்கேல்லை ரீச்சர். வருத்தமா இருந்தனான். நீங்கள் எனக்குப் பரிசு தந்தனீங்கள்."

அவர் என் கையை விட்டார். "அந்த நேரம் எங்களுக்கு என்ன பிள்ளை தெரியும்?" என்றார். இத்தனை வருடமாக அவருக்குச் சொல்லவென்று நான் மனதுக்குள் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அவர் சொன்னது உண்மையாகவும் இருந்தது, அதனால் என் கோபம் இன்னும் கூடியது, அதைக் கொட்ட அந்தக் கிழவியின் முகத்தில் இடமில்லை.

அப்போது போன் மணி அடித்தது. பஸ் வரக் கொஞ்ச நேரம் இருந்தது. அங்கிருந்த நீட்டு வாங்கில் குந்திக்கொண்டு, சோற்றுப் பார்சலை மடியில் வைத்து அவிழ்த்தேன். அவர் பக்கத்தில் வந்து இருந்தார். நான் முதல் பிடியை வாயில் வைப்பதையும், விழுங்குவதையும், அடுத்த பிடி எடுப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்ல பசி போலை பிள்ளை?"

"இல்லை ரீச்சர்," என்றேன். "நேரம் வந்திட்டுது."