இலைக்கு அடியில் சாம்பல்

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தனகோட்டி மாமாவுக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை. கன்வேயர் பெல்ட் கிழிந்தால் ஒட்டுவார். பகலெல்லாம் ரப்பரோடு மல்லுக்கட்டியவர், வீட்டுக் கொல்லையிலும் ஒரு ரப்பர் மரம் வளர்த்தார். கூட வேலை பார்த்த குமரி மாவட்டத்துக்காரர் கொடுத்த கன்று. மரம் மாடி உயரம் போயிற்று. ஒரு காய்கூடக் காய்க்கவில்லை. ஒவ்வொரு மாசியிலும் துளிரிலும் பூவிலும் வெள்ளைப் பொடி படியும், சுருண்டு உதிரும்.

ஆடியில் மாமாவுக்கு ரிட்டயர்மென்ட். அப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் காடாம்புலியூருக்குப் போக வேண்டும். மரத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. விதையாவது வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். இதுதான் கடைசி மாசி.

"சிம்னி சாம்பலு, வேற என்னா?" என்று தினமும் காலையில் ஹோஸ் பைப்பால் மரத்தைக் குளிப்பாட்டினார். எங்கள் ஊரில் எதன்மேல் வெள்ளை படிந்தாலும் முதலில் அனல்மின் நிலையச் சிம்னி பக்கம்தான் கை நீளும்.

துணி காயப்போட வந்த வீரம்மாள் அத்தை ஒரு கொப்பை வளைத்து, இலையைத் திருப்பினார்.

"என்னாங்க, மேலேருந்து வுழுற சாம்பலு எலைக்கு அடியில எப்பிடி ஒட்டுச்சி? ஏணி வச்சிக்கினு ஏறுச்சா?"

மாமா குனிந்து பார்த்தார். கையிலிருந்த ஹோஸ் அவர் காலையே நனைத்துக்கொண்டிருந்தது.

அன்றே இலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, குள்ளஞ்சாவடியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் பரீத்திடம் போனார். நானும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

"இது பூஞ்சணம்ண்ணே. கந்தகத் தூள் போடுங்க. காலையில பனி ஈரம் காயறதுக்குள்ள தூவுனாதான் எலையில ஒட்டும். முந்திரிக்கா?"

"ரப்பருக்கு."

"நெய்வேலில ரப்பரா! காய்ச்சா ஒரு காயி கொண்டாங்க, கடையில தொங்கவுடறேன்."

மறுநாள் பனியில், பழைய வேட்டித் துணியில் தூளைக் கட்டி, மூங்கில் நுனியில் மாட்டித் தட்டினார் மாமா. மரத்தைச் சுற்றி மஞ்சள் மேகம். முகத்தில் கட்டிய துண்டை அவிழ்த்தபோது புருவமெல்லாம் மஞ்சள்.

"மாப்ள எந்த ஊரு? நலங்கு வச்சி அனுப்பிட்டாங்களா?" என்றார் அத்தை.

அந்த வருடம் பூ நின்றது. மும்மூன்று புடைப்போடு பச்சைக் காய்கள் தொங்கின. கண் பட்டுவிடும் என்று எங்களை எண்ணவிடவில்லை மாமா.

ஆவணியில் லாரி வந்து நின்றபோது காய்கள் பழுப்பேறியிருந்தன. வெடிக்கத்தான் இல்லை.

"பறிச்சிட்டுப் போயிடுங்களேன் மாமா."

"தானா வெடிச்சாதான் கொட்டை முத்துனதுன்னு அர்த்தம் தம்பி."

கட்டில் ஏறியது, அண்டா ஏறியது, அத்தையும் ஏறிவிட்டார். டிரைவர் ஹாரனை அழுத்தினார். மாமா மரத்தடியை விட்டு நகரவில்லை. வெயில் உறைக்க ஆரம்பித்தது.

டப்!

எங்கள் தகரக் கூரையில் எதுவோ விழுந்து கடகடவென்று உருண்டது. அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். "எவன்டா கல்லு வுடறது?"

டப்! டப்!

"கல்லு இல்லிங்க தங்கச்சி, கொட்டை!" செருப்புகூட இல்லாமல் மதிலேறிக் குதித்தார் மாமா. டிரைவர் உட்பட எல்லோரும் மண்டியிட்டுத் தேடினோம். பெரிய ஆமணக்குக் கொட்டை மாதிரி, புள்ளி புள்ளியாக, பளபளவென்று. மாமாவின் சட்டைப் பை புடைத்தது. பரீத்துக்கென்று வெடித்த ஓடு ஒன்றும் எடுத்துக்கொண்டார்.

அம்மா ஒரு கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டார். "எங்கூரையில வுழுந்தது எனக்குதான்."

"வச்சிக்கோங்க தங்கச்சி. நாளாக்காம நட்டுடுங்க."

"அப்படியே எலையத் திருப்பிப் பாக்கறதுக்குத் தம்பிக்கு ஒரு பொண்ணும் பாத்துடுங்க!" லாரி மேலிருந்து அத்தை கத்தினார்.

நான் குனிந்து, இல்லாத கொட்டையைத் தேட ஆரம்பித்தேன்.