வெரசாகச் சாப்பிட்டவள்

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் நான் மேனேஜராக இருந்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இது. போடியிலிருந்து ஜீப்பில் வரும் பெண்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் அரை மணி. அதைக் கடிகாரம் பார்த்து நடத்துவேன்.

பாண்டியம்மாள் புதிதாக வந்தவள், இருபத்தைந்து வயதிருக்கும். ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்துக்கொண்டு, எல்லோரும் எழுந்த பிறகும் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"என்ன ஆத்தா, சோத்தத் திங்கிறியா, பருக்கை பருக்கையா எண்ணுறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மறுநாள் முதல் பத்தே நிமிடத்தில் தூக்குவாளியைக் கழுவிவிட்டுக் காய் எடுக்கப் போனாள். "பாத்தீகளா, இவளைப் போல வெரசா இருக்கணும்" என்று மற்றவர்களிடம் தினமும் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து, காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் அவள் சோற்றை நாய்க்குக் கொட்டுவதைப் பார்த்தேன். அதட்டினேன்.

"பொறக்கையிலேயே சோறு எறங்குற குழா சேராம இருந்துச்சுங்கய்யா. பச்சப்புள்ளையில ஆபரேசன் பண்ணித்தான் ஒட்டவச்சாக. இன்னமும் மெல்லத்தான் எறங்கும். வெரசாத் தின்னா நெஞ்சுல அடச்சுக்கிரும்."

"இதை ஏன் சொல்லல?"

"சீக்காளின்னு சோலிய விட்டு நிறுத்திருவீகளேன்னுதான்."

நிறுத்தியிருப்பேன். அது எனக்குத் தெரியும்.

மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கடைசியில் "மெல்லச் சாப்பிடு ஆத்தா" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

நான் கேலி செய்ததை அவள் மறந்திருக்கலாம். ஆனால் அவள் பட்டினி கிடந்த அந்த மாதம் முழுவதும் நான் அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.